இடது பக்கத்துப் பொட்டு

எங்கள் மூன்று மாடிக் கட்டடத்துக்கு வந்து என் அக்கா புருஷனின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேன்கூடக் கையை விரிப்பார். ஸ்டீரியோ என்று கேட்டால் போதும், கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் செருகிவைத்த மாதிரி இருக்கும் கடையைக் காட்டிவிடுவார்கள். கடையின் அகலம் ஆறடி. நாலடியில் அவருடைய மேசை. மிச்சம் இரண்டடியில் நான் செல்போன் உறை விற்கிறேன், திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிறேன். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். சந்தோஷத்தில் ஒரு மாப்ளே, எரிச்சலில் ஒரு மாப்ளே என்று பதினோரு வருஷமாகக் கேட்டு வருகிறேன்.

அவர் தொழில் இயர்போன் ரிப்பேர். அதிலும் ஒயர் வைத்த மலிவு இயர்போன். மலிவு என்றால் நடைபாதையில் குவித்து விற்கிற ரகம் இல்லை. கையில் காசு குறைவு, காதில் ஆசை அதிகம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. குறைந்த விலைக்கு நல்ல ஒலி எங்கே கிடைக்கும் என்று தேடித் தேடி வாங்குவார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டார் மாதிரி, அடி ஒலி கொஞ்சம் பருமன், குரல் லட்சணம், மேல் ஒலி மட்டும் வாயாடி என்று உட்கார்ந்து பேசுவார்கள். ஆறு மாதத்தில் ஒரு பக்கம் செத்துப்போகும். அப்போது ஸ்டீரியோவிடம் வருவார்கள்.

"மலிவு சரக்குல சத்தம் கெட்டுப்போறதில்ல மாப்ளே, ஒயருதான் சாகும். அதுவும் ஜாக் கழுத்துல. மனுஷன் பேன்ட் பாக்கெட்ல சுருட்டித் திணிச்சா அது என்ன பண்ணும், பாவம்" என்பார். வியர்வையில் பச்சை பூத்த பின்னைச் சுரண்டுவார். காது அழுக்கு அடைத்த வலையை ஊசியால் நெம்பி எடுத்து, வேறு வலை ஒட்டுவார். பசையால் மூடிய கூட்டை வெந்நீர்ப் பையில் வைத்து இளக்கிப் பிளப்பதைப் பார்க்கவே ஆள் நிற்கும். நிற்கிற ஆளில் பாதிப் பேர் என்னிடம் ஒரு உறை வாங்கிக்கொண்டு போவார்கள். என் பிழைப்பு அவர் காதில்தான் தொங்கியது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

ரிப்பேர் யாரும் செய்யலாம். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அதற்கப்புறம் செய்கிற வேலை. வேலை முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு ஆள் பாடுகிற பாட்டைப் போட்டுக் கண்ணை மூடுவார்.

"பாடுற ஆளு நெத்தி நடுவுல வந்து நிக்கணும். ஒரு நூல் அந்தப் பக்கம் சாஞ்சாலும் அது இயர்போன் இல்ல, பிளாஸ்டிக்."

சாய்ந்தால், சத்தம் கூடுதலான பக்கத்துத் துளைக்குள் கடுகளவு கறுப்பு ஸ்பாஞ்சுப் பொட்டு ஒன்று வைப்பார். அந்தப் பக்கம் ஒரு இழை இறங்கும். குரல் நடுவுக்கு வரும். நாளெல்லாம் உட்கார்ந்து ஸ்பாஞ்சில் பொட்டு வெட்டி மாத்திரை டப்பாவில் நிரப்பி வைத்திருப்பார்.

வாடிக்கையாளருக்கு ஒரு பாடமும் வைத்திருந்தார். ஒரு பக்கம் குறைகிறது என்று யார் வந்தாலும், கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்வார்: "இடதை வலதுல போடுங்க, வலதை இடதுல போடுங்க. குரல் பக்கம் மாறினா இயர்போன்ல கோளாறு, என்கிட்ட குடுங்க. மாறாம அதே பக்கம் நின்னா காதுல கோளாறு, டாக்டர்கிட்ட போங்க." ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார். இரண்டு மூன்று பேர் நிஜமாகவே டாக்டரிடம் போய்க் காதைக் காப்பாற்றிக்கொண்டு வந்து கைகொடுத்தார்கள்.

வேலை செய்வதில் அவருக்கு ஒரு வழக்கம். கடையின் இடப்பக்கம்தான் ஆள் வந்து நிற்கும், வலப்பக்கம் சுவர். அதனால் இடது காது வாடிக்கையாளருக்கு, வலது காது சரக்குக்கு. கரகரப்பு எங்கே என்று பிடிக்க, அடியிலிருந்து உச்சிவரை ஏறுகிற ஒரு ஊதல் சத்தத்தை முழு ஒலியில் வைத்து வலது காதில் மட்டும் செருகிக் கேட்பார். மெதுவாக வைத்தால் கரகரப்பு ஒளிந்துகொள்ளும் என்பார். அந்த ஊதல் எனக்கே இரண்டடி தள்ளி நன்றாகக் கேட்கும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. இருபது வருஷம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மாமாவுக்குத் தன் காதே தெரியவில்லை.

போன வருஷம் என் சொந்த இயர்போனுக்கு ஒயர் மாற்றித் தந்தார். வாங்கி மாட்டினால் குரல் வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. அவர் பாடத்தையே செய்து பார்த்தேன். மாற்றிப் போட்டதும் குரலும் பக்கம் மாறியது. அவர் டீக்குப் போன நேரத்தில் ஊசியை எடுத்து இடது துளையைக் கிளறினேன். பொட்டு இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு. எடுத்தேன். குரல் ஜம்மென்று நெற்றி நடுவில் வந்து நின்றது.

அதன்பிறகு கவனித்தேன். முன்பெல்லாம் பொட்டு வலதுக்கும் போகும், இடதுக்கும் போகும். இப்போது எது வந்தாலும் இடதுக்கே போனது. அவருடைய வலது காது மங்கியதால்தான் இடது தூக்கலாகக் கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது. வலது தூக்கலாக இருக்கிறது என்று திரும்பி வந்தவர்களிடம் பாடம் எதுவும் சொல்லாமல், தானே மாட்டிப் பார்த்து, "நடுவுலதானே நிக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு பஸ் டிரைவர் சண்டை போட்டார். மாமா விடவில்லை, அவரை டாக்டரிடம் அனுப்பினார். அந்த மனுஷன் ரோஷக்காரர், காதைச் சோதித்துக் காகிதத்தோடு வந்தார். இரண்டு காதும் சுத்தம் என்று அதில் எழுதியிருந்தது. மாமா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மெஷினும் மலிவு சரக்கு போல" என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் கம்பெனிப் பெண் வந்தாள். கம்பெனி என்றால் அவளும் இரண்டு கம்ப்யூட்டரும்தான். தொழிற்சாலை ஒன்றில் இயர்போன் செய்து வாங்கி, தன் பெயர் போட்டு இணையத்தில் விற்கிறாள். பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடியையும் மாமா காதால் பார்த்துத் தரவேண்டும் என்று கேட்டாள். பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை வரும். அதில் கண்ணை மூடிய மாமாவின் கோட்டுப்படமும், கீழே "ஸ்டீரியோவின் காது சரிபார்த்தது" என்ற வரியும். மாமா மாடிக்கும் கீழுக்கும் நடந்து, கட்டடத்தில் ஒரு கடை விடாமல் அந்த அட்டையைக் காட்டினார். அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாக அவர் முகம் ஒரு பொருளின் மேல் அச்சாகியிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். நானூறு ஜோடி போனது. நானூறு ஜோடியிலும் இடது பக்கம் பொட்டு.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மூன்று அட்டைப்பெட்டிகளோடு கம்பெனிப் பெண் வந்து நின்றாள். எல்லாம் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியவை. கையில் இயர்போனைச் செருகி அளக்கிற ஒரு உலோகக் குழாய், நுனியில் மைக். மடிக்கணினியைத் திறந்து, இரண்டு பக்கத்துச் சத்தத்துக்கும் ஒவ்வொன்றாக இரண்டு கோடுகளைக் காட்டினாள்.

"அண்ணே, நாப்பது ஜோடி அளந்து பாத்தேன். நாப்பதும் ஒரே மாதிரி. வலது மேல இருக்கு, இடது கீழ இருக்கு."

"அம்மா, கோடு பாட்டு கேக்குமா? காதுதான் கேக்கும். உங்க குழாய் சாயுது."

"அப்படித்தான் நானும் மொதல்ல நினைச்சேன்" என்றவள், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உறை பிரிக்காத ஒரு ஜோடியை எடுத்து அளந்தாள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. அதையே மாமாவிடம் நீட்டினாள். அவர் மாட்டிக் கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"பாத்தீங்களா? இடது தூக்கல். இதுக்குத்தான் நான் பொட்டு வைக்கறேன்."

அவள் மடிக்கணினியைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள்: "மாத்திப் போட்டுப் பாருங்கண்ணே."

ஊருக்கு உபதேசம் செய்த அந்த மனுஷன், இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தனக்கு அதைச் செய்துகொண்டதில்லை. கழற்றினார். இடதை வலதில் போட்டார், வலதை இடதில் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், யாருக்கும் வேண்டாத ஒரு உறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி கழற்றி, மறுபடி மாற்றினார். மூன்று தடவை. குரல் இடது பக்கத்தை விட்டு அசையவில்லை என்பது அவர் சொல்லாமலே எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"சரிம்மா" என்றார்.

அவள் கெட்டவள் இல்லை. போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "புதுசா ஒண்ணும் பண்ண வேணாம்ணே. பொட்டை மட்டும் எடுத்துடுங்க. சரக்கு நல்ல சரக்குதான்." நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "அந்த அட்டையையும் எடுத்துடுங்க."

அன்றைக்கு முழுவதும் அவர் வேலை செய்யவில்லை. காதைப் பற்றி நம் மொழியில் இருக்கிற பழமொழிகளில் ஒன்றுகூட வாயில் வந்துவிடக் கூடாதே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் வந்து முதல் பெட்டியைப் பிரித்தார். அட்டையை எடுத்துக் கீழே போடுவார். ரப்பரைக் கழற்றி, வலையை நெம்பி, ஊசியால் பொட்டை எடுப்பார். ஊசி துளையை விட்டு வழுக்கியது. ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு மணி நேரத்தில் பத்துகூட முடியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"குடுங்க மாமா, நானும் எடுக்கறேன்."

ஒன்றை வாங்கினேன். இடது துளை, ஊசியைச் சாய்த்து ஒரு குத்து, ஒரு சுழற்று. இரண்டு பொட்டும் ஒன்றாக ஊசியில் வந்தன. வாங்கிய வேகத்தில் முடித்து மேசையில் வைத்தபிறகுதான் நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது.

மாமா ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இடதுலதான் இருக்கும்னு பாக்காமயே குத்தற. ரெண்டு இருக்கும்னும் தெரியுது. இதுக்கு முன்னாடி எடுத்திருக்கியா?"

"ஒண்ணு. என்னோடது."

"எப்ப?"

"போன வருஷம்."

ஒரு மாப்ளேகூட வரவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். தெருமுனை மருந்துக்கடையில் வேலை, இடைவேளையில் வருவாள். வழக்கம்போல் முக்காலியை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"நீ எதுக்கு எப்பவும் இந்தப் பக்கமே உக்கார்ற?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தப் பக்கம் பேசினா நீங்க திரும்பறதில்ல" என்றாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லவே இல்லையே."

"சொன்னேன். டாக்டர்கிட்ட போவோம்னு சொன்னேன். தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அப்புறம் நாற்காலியை மாத்திப் போட்டுக்கிட்டேன். அதுதான் சுலபமா இருந்துச்சு."

அவர் எழுந்தார். அக்கா உட்கார்ந்திருந்த முக்காலியைக் கையால் காட்டினார். அவள் எழுந்ததும் அதைத் தூக்கி வலப்பக்கம், சுவரோரம் வைத்தார். "இங்க உக்காரு" என்றார். பிறகு மேசையிலிருந்து ஒரு இயர்போனை எடுத்து, இடது காதில் அழுந்தச் செருகிக்கொண்டு, அடுத்த பொட்டை எடுக்கக் குனிந்தார்.

அக்கா சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து அவருடைய வலது காதிடம் பேசினாள். முதலில், தப்புதான் என்றாள். பிறகு கோபம் வந்தது. அந்த அட்டையை ஃபிரிட்ஜில் ஒட்டிய அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததைச் சொன்னாள். வியாழக்கிழமை காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், வாங்களேன் என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் நிமிரவில்லை. ஊசியில் வந்த பொட்டை மாத்திரை டப்பா மூடியில் தட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"சத்தமா பாட்டு வச்சிருக்காராடா?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. என் பக்கத்திலிருந்து தெரிந்தது. இயர்போன் ஒயரின் மறுமுனை எதிலும் செருகாமல் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு எதுவும் இல்லை. எங்கள் குரல் கேட்கக் கூடாது என்றுதான் நன்றாக இருந்த காதையும் அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா. பாட்டுதான் ஓடுது" என்றேன்.

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தாள்.