இடது பக்கம் இழுக்கும் துப்பாக்கி

செத்துப்போன அர்மாஸின் துப்பாக்கி இடது பக்கம் இழுக்கிறதாம், குறி வைத்த இடத்துக்குக் குண்டு போகாதாம். கடையில் காப்பி ஊற்றும் தூலா சொன்னாள். அவளுக்குச் சொன்னது தபால்காரர். தபால்காரருக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஊர்ல எல்லாரும்தான் சொல்றாங்க" என்றாள்.

குர்கிவாராவில் எல்லோரும் என்றால் நூற்றுப் பத்துப் பேர். அதில் பாதிப் பேர் வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசினாலே அதிகம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பேச்சு மூன்று நாளில் பரவினால் அதற்குப் பின்னால் ஒரே ஒரு வாய்தான் இருக்க முடியும். யார் வாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டேன். இந்தக் குளிர் நாட்டு ஊருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. இருந்தாலும் ஒருவனைப் பொய்யன் என்று சொல்லும் உரிமை பதினேழு வருடத்தில் கிடைத்துவிடுமா என்பதில் எனக்கு நிச்சயமில்லை.

அந்த வாய் உர்ஹோ தான்ஸ்கனெனுடையது. உர்ஹோ என்றால் இவர்கள் மொழியில் வீரன். பெற்றவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருக்கலாம்.

வயது ஐம்பத்தெட்டு. நகராட்சியின் மண் சாலைகளைச் சமன்செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறான். யாருக்கு எந்தச் சாலை என்று பட்டியல் எழுதுவது என் வேலை. அவன் போய்வந்த சாலை மட்டும் துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக இருக்கும். கேட்டால் இயந்திரத்தின் கத்தி மொண்ணை என்பான். கத்தியை மாற்றிக் கொடுத்தால் ஜல்லி சரியில்லை என்பான். அவன் மனைவி பதினோரு வருடத்துக்கு முன் பெட்டியோடு பேருந்து ஏறியதற்குக்கூட அவனிடம் காரணம் இருக்கிறது: வீட்டில் ஈரம் ஏறி, அவளுக்கு மூட்டுவலி வந்துவிட்டதாம். அவள் இப்போது இருப்பது கடற்கரையில். அங்கே இதைவிட ஈரம்.

இந்த ஊரில் ஆண் பிள்ளைகளின் மரியாதை அக்டோபர் மாதத்தில்தான் நிர்ணயமாகும். மூஸ் வேட்டை தொடங்கும் மாதம் அது. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். ஒன்றை வீழ்த்தினால் பத்து வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி. பாதிப் பேர் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு, ஹோ ஹோ என்று கத்திக்கொண்டு காட்டைக் கலைப்பார்கள். மீதிப் பேர் துப்பாக்கியோடு ஆளுக்கொரு நிலையில் காத்திருப்பார்கள். அதில் ஏழாம் நிலை சதுப்பும் மேடும் சந்திக்கிற இடம். மூஸ் தானாகவே வந்து நிற்கும். இருபது வருடமாக அந்த நிலை உர்ஹோவுடையது.

போன அக்டோபரில் அறுபது மீட்டர் தூரத்தில், பக்கவாட்டாக, படம் எடுக்க நிற்பதுபோல ஒரு பெண் மூஸ் நின்றது. உர்ஹோ வயிற்றில் சுட்டான். அது குடல் தொங்க ஓடியது. வேட்டைத் தலைவர் ரைமோவும் அவர் நாயும் இரண்டு நாள் அலைந்து அதன் உயிரைப் போக்கினார்கள். யாரும் உர்ஹோவை ஒரு சொல் திட்டவில்லை. இங்கே திட்டுவது வழக்கமில்லை. அடுத்த சனிக்கிழமை கறி வெட்டும் கொட்டகைச் சுவரில் ரைமோ ஒட்டிய பட்டியலில் ஏழாம் நிலைக்கு எதிரே வெற்றிடம் இருந்தது. உர்ஹோவின் பெயர் காடு கலைக்கிறவர்கள் வரிசையில், பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கும் எனக்கும் கீழே. அந்த மாதம் முழுக்க என் பக்கத்தில் முழங்கால் சேற்றில் நடந்தபடி, தன் ரைபிளில் குறிபார்க்க மாட்டியிருக்கும் ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டே வந்தான்.

"தொழிற்சாலையிலயே கோணலா மாட்டியிருக்கான்பா. நான் எவ்வளவு நேரா சுட்டாலும் அது ஒத்துக்க மாட்டேங்குது."

வருடம் முழுக்க இதே பாட்டு. இந்த ஆகஸ்டில் ரைமோ அவனிடம் முடிவாகச் சொன்னார்: "சுடும் பரீட்சைய மறுபடி குடு. நாலு குண்டு, நாலும் வட்டத்துக்குள்ள. எந்தத் துப்பாக்கில வேணா சுடு. ஏழாம் நிலை உனக்கு."

அந்தச் சமயத்தில்தான் அர்மாஸின் விதவை ஹெல்வி, கணவரின் பழைய ரைபிளை விற்கப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற பழைய வகை. அதன் மரக்கட்டை கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். அது குறி தவறி இந்த ஊர் பார்த்ததில்லை. உர்ஹோ தனக்கு வேண்டும் என்றான்; வாங்கும் முன் சுட்டுப் பார்க்கட்டும் என்று ஹெல்வி அதை அவனிடமே கொடுத்து அனுப்பினார். செவ்வாய்க்கிழமை சுடுமிடத்துக்கு நானும் கூடப் போனேன், ஓட்டைகளை எண்ணிச் சொல்ல. பத்துக் குண்டு. வட்டத்துக்குள் இரண்டு. மற்றவை எல்லாம் இடது பக்கம், கோழிக்குத் தவிடு இறைத்த மாதிரி.

உர்ஹோ ரொம்ப நேரம் குறி அட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் இல்லை. நிம்மதிதான் இருந்தது.

"பாத்தியா? இதுவும் இழுக்குது."

வெள்ளிக்கிழமை தூலாவின் காப்பிக் கடைக்குச் செய்தி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நாள். சுடுமிடத்தில் இருபது பேர் இருந்தார்கள். கம்பி வலையில் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. ஹெல்வி தன் சிவப்புக் காரை நிறுத்திவிட்டு நேராக உர்ஹோவிடம் வந்தார். எழுபத்தொரு வயது. கணவரோடு முப்பது அக்டோபர் நிலையில் நின்றவர். அதே துப்பாக்கிக்கு அவர் பெயரிலும் உரிமம் உண்டு.

"குடு அத."

கொடுத்தான். அவர் உட்கார்ந்து, போல்ட்டைத் தள்ளி, நாலு குண்டு சுட்டார். இடையில் ஒருமுறை மூக்கைச் சொறிந்துகொண்டார். ரைமோ அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். நாலு ஓட்டையையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடலாம்.

"இன்னிக்கு இழுக்கலையே" என்றார் ரைமோ.

"காத்து அடங்கிடுச்சுல்ல" என்றான் உர்ஹோ.

யாரோ இருமினார்கள். ஹெல்வி சிரிக்கவில்லை. "சரி, காத்து அடங்கியிருக்கறப்பவே நீ சுடு. ரைமோ, தோட்டா போட்டுக் குடு."

ரைமோ திரும்பி நின்று போட்டுக் கொடுத்தார். உர்ஹோ உட்கார்ந்தான், கன்னத்தைக் கட்டையில் வைத்தான், மூச்சை இழுத்துப் பிடித்தான். விசையை இழுத்தான்.

டிக்.

வெடிக்கவில்லை. ரைமோ போட்டது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. ஆனால் குழாய் முனை ஒரு சாண் இடது பக்கமாகத் தரையை நோக்கிக் குத்தி இறங்கியது. வராத சத்தத்துக்குப் பயந்து உர்ஹோவின் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. தோள் காதுவரை ஏறியிருந்தது. அப்படியே சில நொடிகள் உட்கார்ந்திருந்தான், மழைக்கு ஒதுங்கிய கோழி மாதிரி. இருபது வருடமாக ஏழாம் நிலையில் உட்கார்ந்திருந்தது இதுதான். இத்தனை வருடத்தில் அவன் வீழ்த்திய மூஸ்கள் எல்லாம் பாவம், இடது பக்கம் நகர்ந்து வந்து நின்று உதவி செய்திருக்க வேண்டும்.

"துப்பாக்கி இழுக்கலடா. நீதான் இழுக்கற" என்றார் ஹெல்வி. குரலில் கோபம் இல்லை. நாடி பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார். "இது ஒண்ணும் தீராத வியாதி இல்ல. அர்மாஸுக்கும் மொத வருஷம் இருந்துச்சு. மூணு நாள் எங்கிட்ட வா. வெத்துத் தோட்டாவும் நெஜத் தோட்டாவும் கலந்து போட்டுத் தரேன். வர்ற ஞாயித்துக்கிழமை கடைசிப் பரீட்சை; நாலும் உள்ள விழும். துப்பாக்கியும் உனக்கே. பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் கேட்டுட்டிருக்கான். இருந்தாலும் இது நம்ம கூட்டத்துலயே இருக்கட்டும்னு பாக்கறேன்."

உர்ஹோ தலையாட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு. தூலா கடையில போயி, அர்மாஸ் துப்பாக்கில குறை இல்லன்னு உன் வாயால சொல்லிடு. சொன்னவன் நீதானே? வியாழக்கிழமை மத்தியானம் போன் பண்ணிக் கேப்பேன். வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு."

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் உர்ஹோ ஹெல்வி வீட்டுப் பக்கமும் போகவில்லை, தூலாவின் கடைப் பக்கமும் போகவில்லை. நான் பார்த்த பதினேழு வருடத்தில் முதல்முறையாகக் காப்பியைக் குடுவையில் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். வியாழக்கிழமை, இங்கே எல்லா இடத்திலும் வழக்கம்போலப் பட்டாணி சூப். நானும் அவனும் நகராட்சிப் பணிமனைச் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சூப்பில் கடுகு விழுதை நிறையப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"வாங்கலாமா, வேணாமா? நீ என்ன சொல்ற?"

"எனக்குத் துப்பாக்கி பத்தி என்ன தெரியும், உர்ஹோ?"

"அதான் உங்கிட்ட கேக்கறேன். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா பதில் சொல்லிடுவாங்க."

அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஏழாம் நிலை வேணும்னா வாங்கு" என்றேன்.

"கட்டையில ஒரு கீறல் இருக்கு, பாத்தியா? போல்ட்டுக்குப் பின்னால."

"பாக்கல."

"விசையும் ரொம்ப லேசு. அந்தம்மா கைக்கு சரி. எனக்கு ஒத்துவருமா?" ரொட்டியைப் பிய்த்தான். "வாங்கிட்டேன்னு வை. அப்புறமும் குறி தப்பிடுச்சுன்னா?"

அதற்கு மேல் சொல்ல அவனுக்குப் பயம். அவன் விழுங்கியதை நான் சூப்போடு சேர்த்துப் புரிந்துகொண்டேன். குறி தவறாத துப்பாக்கியை வாங்கிவிட்டால் அதன்மேல் பழி போட முடியாது. அவன் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிற கோணல் ஸ்கோப்புதான் அவனுடைய உண்மையான சொத்து. இருபது வருட அக்டோபரையும் ஒரு மனைவியையும் அது தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிற ஓர் ஆள். அந்த ஆளோடு ஏழாம் நிலையில் தனியாக உட்கார அவன் தயாராக இல்லை.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. மேசைமேல், கடுகு விழுதுக் குழாய்க்குப் பக்கத்தில், அவன் போன் ஒலித்தது. திரையில் ஹெல்வியின் பெயர். அதிர்ந்து அதிர்ந்து தட்டை நோக்கி ஊர்ந்துவந்தது.

உர்ஹோ கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"எடு" என்றேன்.

"எடுத்தாலும் கேக்காது. இந்த போன் வாங்கினதுலேர்ந்தே ஸ்பீக்கர் சரியில்லப்பா" என்றான்.

போன் அடித்துக்கொண்டிருந்தது.