கறுக்காத மெட்டி

மலாய் நாட்டில் ஜப்பான்காரன் ஆட்சி நடந்த காலம். லூமுட் கடற்கரையிலிருந்து அரை நாள் நடை தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால் வெட்டும் வேலையும் நின்றுபோய், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி மரவள்ளி நட்டுத்தான் எல்லோரும் உயிரோடு இருந்தோம். காலையில் மரவள்ளி, சாயந்தரமும் அதுவேதான். என் தோடும் கொலுசும் எப்போதோ அரிசிக்குப் போய்விட்டன. வீட்டில் மிஞ்சிய வெள்ளி என் கால் மெட்டி மட்டும்தான்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் சைக்கிளில் மரவள்ளி மூட்டையைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். கொடுத்துவிட்டு உப்பு வாங்கி வருவதாகப் பேச்சு. மறுநாள் காலையில் உப்போடு ஒரு சாக்கு நிறையச் சிப்பியும் வந்தது.

"சும்மா கெடந்துச்சு புள்ள, அள்ளிக்கிட்டு வந்துட்டேன். தண்ணி என்னமோ வெத்தலை எச்சி மாதிரி செவப்பா இருந்துச்சு. மலாய்க்காரங்க ஒருத்தரும் தொடல. ஒரு அம்மா வேணாம் வேணாம்னு கைய ஆட்டுனாங்க. அவங்களுக்கு மீன் இருக்குலா, சிப்பி எதுக்கு?" என்று சிரித்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமியார் கவிச்சி தொடமாட்டார். ஆனாலும் மகன் பசியைப் பார்த்துவிட்டு அவரே அடுப்பு மூட்டினார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"கடல் சாமான். வெள்ளி போட்டுத்தான் வேக வைக்கணும். வெசம் இருந்தா கறுத்துக் காட்டிரும். மெட்டியக் கழட்டு."

புருஷன் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அதுவும் வெள்ளிக்கிழமையில், மெட்டியைக் கழற்றுவதா? எனக்கு உடம்பு கூசியது. ஆனால் மாமியார் தாலி இழந்தவர், அவர் காலில் மெட்டி ஏது? ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.

மஞ்சள், புளி, மிளகாய் எல்லாம் போட்டுக் கொதித்தது. மாமியார் அகப்பையால் மெட்டியை எடுத்துக் காட்டினார். பளபளவென்றிருந்தது. கழுவி அடுப்பு மேடையில் வைத்தார்.

பக்கத்து வீட்டு அக்காவின் குரல் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. "என்னா வாசம்லா! ஜப்பான்காரன் மோப்பம் புடிச்சுக்கிட்டு வந்துரப் போறான். எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையி."

"அவரு சாப்பிட்டதும் தாரேன்க்கா."

ஆம்பளை சாப்பிட்ட பிறகுதான் பெண்பிள்ளை தட்டில் கை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் சிப்பி ஓட்டை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். நான் ஆசை தாங்காமல் சட்டியிலிருந்து இரண்டு சிப்பியை மட்டும் வாயில் போட்டுக்கொண்டேன். அத்தனை ருசி.

கை கழுவப் போனவர், "உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு புள்ள. மொளகாய அள்ளிப் போட்டுட்டியா?" என்றார். நான் சிரித்தேன். சிரிக்கும்போதே என் உதடும் மரத்திருப்பது தெரிந்தது.

அதற்குள் அவர் கையிலிருந்த செம்பு நழுவியது. எடுக்கக் குனிந்தவருக்கு விரல் மடங்கவில்லை. நாலு எட்டு வைத்தவர் வாசற்படியில் துணி மாதிரி சரிந்தார். ஏதோ சொல்ல வந்தார், நாக்கு புரளவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது.

ஓடி வந்த மாமியார் என் வெறும் கால்விரலைப் பார்த்து அலறினார். "மெட்டிய இன்னும் போடலையாடி பாவி!"

கிண்ணத்தோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். "கடல்காத்துல என்னமோ அடிச்சிருச்சு. புளித்தண்ணி கரைச்சு ஊத்துங்க, எல்லாம் வெளிய வந்துரும்" என்றார். மாமியார் கரைத்து வாயில் ஊற்றினார். உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்தது, தொண்டையில் களகளவென்றது, முகம் கறுத்தது.

அதுவரை மாமியார் எதிரில் நான் குரல் உயர்த்தியதே கிடையாது. செம்பைத் தட்டிவிட்டு என் வீட்டுக்காரரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். "ஊத்தாதீங்க அத்தை! அவரால முழுங்க முடியல. எனக்கும் உதடு மரத்துப்போச்சு. சிப்பிதான்!"

"மெட்டி கறுக்கலையேடி?" என்றார் அக்கா.

"கறுக்கலக்கா. அதுக்காக என் வாயி எனக்குத் தெரியாதா?"

குழம்பைச் சட்டியோடு தூக்கிக் கால்வாயில் கொட்டினேன். அக்கா வாய்விட்டு அழுதார். அவருக்காகவா, அந்தக் குழம்புக்காகவா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்படிப்பட்ட பசி அது.

தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. மாமியார் அவர் முதுகுக்கு அணையாக உட்கார்ந்தார். நான் மூக்கருகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சு வரும். அடுத்தது வருமா என்று காத்திருப்பேன். கையில் அந்தச் சூடு படும்வரை என் மூச்சும் நின்றிருக்கும். வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கும்வரை அப்படியே இருந்தோம். அவர் இமைகூட அசையவில்லை.

வெளியே கூடியிருந்த ஆம்பளைகளில் யாரோ, "மண்வெட்டி யாருகிட்ட இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். மூடிக்கிடந்த அவர் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கியது. அத்தனையும் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது! குனிந்து அவர் காதில், "நான் இங்கதான் இருக்கேன். யாரையும் தொட விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும் நேரம். என் உள்ளங்கையை அவர் விரல் லேசாகச் சுரண்டியது. பிறகு மூச்சு நீண்டது. வெகு நேரம் கழித்து வாய் திறந்தவர் குழறிக் குழறிச் சொன்ன முதல் வார்த்தை: "அந்த மண்வெட்டிய... உள்ள எடுத்து வைக்கச் சொல்லு."

மாமியார் அழுதுகொண்டே சிரித்தார். அடுப்பு மேடையிலிருந்து மெட்டியை எடுத்து வந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, அவரே போட்டுவிட்டார்.

பல வருஷம் கழித்து ரேடியோவில் சொன்னார்கள். சில நேரம் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகிக் கடல் சிவந்துபோகுமாம். அதைத் தின்ற சிப்பியில் விஷம் ஏறுமாம். எவ்வளவு கொதித்தாலும் போகாதாம், மணமோ ருசியோ மாறாதாம். வெள்ளிக்கும் அது தெரியாது என்பதை நாங்கள் அதற்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தோம்.

அவர் நல்ல வயது வரை வாழ்ந்துதான் போனார். அப்போது கழற்றிய அந்த மெட்டி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கெட்டு நாறும் சாப்பாட்டுக்கு நான் பயப்படுவதில்லை, தூக்கி எறிந்துவிடலாம். வாசனையோடும் பளபளப்போடும் எதிரே வந்து நிற்பதைக் கண்டால்தான் இன்றைக்கும் என் கை தட்டுக்குப் போகாமல் தானாக உதட்டைத் தொட்டுப் பார்க்கிறது.