நான் நிறுத்தி வைத்த கிராபிக்ஸ்

என் தங்கை வேலூரில் அனிமேஷன் படித்தாள். சென்னை கம்பெனி ஒன்று வேலைக்காக அவளுக்கு வீட்டிலிருந்தே செய்யும்படி இரண்டு மணி நேரத் தேர்வு வைத்தது. என் கேமிங் லேப்டாப்பையும் பெரிய மானிட்டரையும்தான் அவள் நம்பியிருந்தாள்.

தேர்வு தொடங்கியபோது மானிட்டரில் படமே வரவில்லை. லேப்டாப்பில் மட்டும் செய்து பார்த்தாள். மூன்று முறை அப்படியே நின்றுவிட்டது. நேரம் முடிந்தது.

"மானிட்டர் வயரப் புடிச்சி இழுத்துகினே இருந்தா போர்ட் என்னாத்துக்கு ஆவும்?" என்று கத்தினேன்.

"நேத்து ஒரு தபாதாண்ணா இழுத்தேன்" என்றாள். தன் தவறுதான் என்று நம்பியும் விட்டாள். பிறகு எங்கள் ஊரான ஆரணியிலேயே ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மூன்று மாதம் கழித்து போளூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் அவருடைய மானிட்டரில் படம் வந்தது.

"போர்ட் நல்லாத்தாங்க கீது. அது நேரா கேமிங் கிராபிக்ஸ் கார்டுலதான் சேருது. அத யாரோ செட்டிங்ஸ்ல நிறுத்தி வெச்சிகிறாங்க. அது இல்லாம பெரிய வேல எது செஞ்சாலும் லேப்டாப்பும் நின்னு நின்னு போவும்."

நான்தான். லேப்டாப் சூடாகிறது, ஃபேன் இரைகிறது என்று தேர்வுக்கு முந்தைய வாரம் நிறுத்தினேன். அதன்பிறகு மானிட்டரைப் போட்டுப் பார்க்காமல் மறந்தும் போனேன்.

சொல்லிவிடும் முடிவோடுதான் வீட்டுக்கு வந்தேன். கையிலிருந்த பையைப் பார்த்ததும், "சரியாயிடுச்சாண்ணா?" என்றாள்.

"ஆயிடுச்சு."

"அப்பாடா. இனிமே நான் அத தொடவே மாட்டேண்ணா."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முன்பின் தெரியாத உங்களிடம் இதையெல்லாம் சொல்ல முடிகிறது. அவள் சொன்னபடியே இன்று வரை அந்த லேப்டாப்பைத் தொடவில்லை.