கைகளுக்கு ஒரு மாத விடுப்பு

என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடி இன்னும் மறக்கவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டம். மின்விசிறிகள் இரைய, மனுவைச் சுருட்டிப் பிடித்தபடி நூறு பேர் நெருக்கியடித்து நின்ற கூடம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, அதைக் கொடுத்தவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "என்னம்மா, இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். விளக்கமாகவும் சூடாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பிடி விழுந்தது. தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். குனிந்து பார்த்தேன். என் வாய் பேசிக்கொண்டிருந்தது. என் கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அதாவது, மனு கொடுக்க வந்தவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வியைக் கையால் கேட்டார்: "அங்கே நான் எங்கே இருந்தேன்?"

அந்தப் பெண்மணி எங்கள் ஊர்க் காது கேளாதோர் சங்கத்தின் செயலாளர். திருமங்கலத்தில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தார். பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்றாலும், சைகையில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது, சுட்டுவிரல் மட்டும்தான். அதனால் எங்கள் பேச்சை எழுதும்போது "நீ" என்றே எழுதுகிறேன். நான் காது கேட்பவள். என் அண்ணனுக்குக் கேட்காது. அவனோடு வளர்ந்ததால் சைகை எனக்குத் தாய்மொழி மாதிரி. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை; வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் சங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளர். சம்பளம் இல்லை, கேட்டதும் இல்லை. வங்கி, காவல் நிலையம், பள்ளிக்கூடம், பெண் பார்க்கும் சடங்கு வரை போயிருக்கிறேன். கைபேசியில் வீடியோ அழைப்பு வந்த பிறகு நான் போக வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. நான் எங்கே இருந்தாலும் அவர்கள் என்னிடம் வந்துவிட்டார்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே கைபேசி அதிரும். தாளிப்பில் கடுகு வெடிக்கும்போது அதிரும். ஒருநாள் பக்கத்து அறையிலிருந்து என் மகள் குறுஞ்செய்தி அனுப்பினாள்: "அம்மா, ஒங்கிட்டப் பேசணும்னா நானும் வீடியோ கால்லதான் வரணுமா?" சிரித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வலிநிவாரணித் தைலம் தடவி, துணி சுற்றிக்கொண்டு பேசினேன்.

செயலாளர் அப்படி இல்லை. சரியாக மதியம் ஒன்றரை மணிக்குத் தையல் இயந்திரத்தை நிறுத்துவார். கைபேசியை நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டு மூடுவார். சோற்றை அவசரமில்லாமல் சாப்பிடுவார். பிறகு வெட்டிய துணிகளின்மேல் தலையை வைத்து முக்கால் மணி நேரம் தூங்குவார். தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் இந்த வழக்கம் மாறாது. வாசலில் வாடிக்கையாளர் நின்றாலும் சரி, சங்கத் தலைவரே நின்றாலும் சரி. இவ்வளவு அநியாயம் நடக்கும் உலகத்தில் ஒரு போராளிக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று அந்தக் காலத்தில் எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அன்று ஆட்சியர் அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த மனு ஓர் இளம் தாயைப் பற்றியது. அவளுக்கும் காது கேட்காது, கணவனுக்கும் கேட்காது. ஒரு மருத்துவமனையில் முதல் பிரசவம். இரண்டாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டு, நீல விளக்கின் கீழ் வைப்பதற்காக எடுத்துப் போனார்கள். எடுத்துப் போனவர் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் முகக்கவசத்துக்குள் சொன்னார். உதடு தெரியவில்லை. அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கணவனைப் பிரசவ வார்டுக்குள் விடவில்லை. குழந்தை இறந்துவிட்டது என்றே அவள் முடிவு கட்டினாள். மறுநாள் மதியம் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து மடியில் போடும்வரை அப்படியே நினைத்துக்கொண்டு, பால் கட்டிய மார்போடு, காலித் தொட்டிலைப் பார்த்தபடி கிடந்தாள். யாரும் கொடுமை செய்யவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. அவளுக்குப் புரிந்ததா என்று திரும்பிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக் கண்காணிப்பாளர் எங்களுக்கு நேரம் ஒதுக்கினார். பகல் பன்னிரண்டு மணி. நான் காலையிலேயே மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன். திருமங்கலம் போய் செயலாளரையும் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்புவது என் திட்டம். அவர்களுக்குத் தனியாகப் பேருந்தில் வரத் தெரியாதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்கச் சரியான தூக்கமில்லை. சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள். நடத்துநர்.

"எங்கம்மா எறங்கணும்?"

"திருமங்கலம்."

"திருமங்கலம் போயி அரை மணி நேரமாச்சு. இது விருதுநகரு. அம்புட்டுச் சத்தமாக் கூப்பிட்டேன், காது கேக்கலையா?"

பேருந்து நிலையத்து நிழலில் நின்றுகொண்டு சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. செயலாளருக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அடுத்த பேருந்தைப் பிடித்து, ஆட்டோ மாறி, மருத்துவமனைப் படியேறும்போது மணி பன்னிரண்டே முக்கால். கண்காணிப்பாளரின் அறை வாசலில் இருந்த உதவியாளர் என்னைத் தடுத்தார். "உள்ள மீட்டிங் நடக்குதும்மா. எல்லாரும் வந்துட்டாக."

"நான்தாங்க அவங்களுக்குப் பேசணும். நான் இல்லாம எப்படி நடக்கும்?"

"நடந்துக்கிட்டுத்தான இருக்கு" என்றார் அவர், கதவிலிருந்த கண்ணாடியைக் காட்டி.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். அறை நடுவில் அந்த இளம் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் சைகை மொழியில் பேசவில்லை; நடித்துக்கொண்டிருந்தாள். கைகளில் குழந்தை இருந்தது. அதன் நெற்றியை முகர்ந்தாள். யாரோ வருகிறார்கள், மூக்கின்மேல் கையை வைத்து முகக்கவசம் என்று காட்டினாள். கவசத்துக்குள் ஏதோ அசைகிறது. கைகள் காலியாயின. பக்கத்துக் கட்டில்காரியை உலுக்கினாள், தொட்டிலைக் காட்டினாள், அவள் பரிதாபமாகத் தலையை ஆட்டுவதையும் தானே ஆட்டிக் காட்டினாள். பிறகு மார்பின் ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள், மறுபடி ஒற்றினாள், மறுபடியும். கடைசியில் அந்தக் காலிக் கைகளைப் பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். செயலாளர் சுவரோரம் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். அவளுக்கு உதவ ஒரு விரலைக்கூட அவர் அசைக்கவில்லை. கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மூச்சிரைக்க, "சார், நான் மொழிபெயர்ப்பாளர், இவங்க என்ன சொல்ல வாராங்கன்னா…" என்று தொடங்கினேன்.

"வேணாம்மா" என்றார் அவர். "புரிஞ்சிருச்சு."

செயலாளர் பக்கத்து நாற்காலியைக் காட்டி, தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். உட்கார். குடி. அதன் பிறகு நடந்த பேச்சில், கண்காணிப்பாளர் கேள்வி கேட்டபோது என் கைகள் அதைக் கொண்டுபோயின, பதிலை என் வாய் கொண்டுவந்தது. அவ்வளவுதான் என் வேலை. அவர் செயலாளரின் முகத்தைப் பார்த்தே பேசினார். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பிரசவ வார்டில் மாற்றங்கள் செய்வதாகக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டார். வெற்றிதான். ஆனால் எனக்குள் ஒரு முள் உறுத்தியது. நான் இல்லாமலே நடந்துவிட்டதே என்ற வலி. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. கோரிப்பாளையத்தில் எங்கள் சங்கத்துக்காரர்கள் கூடும் தேநீர்க் கடைக்கு வந்தோம். கடைக்காரரான பாய், சீனி கம்மி, ஆடை வேண்டாம், இன்னொன்று என்று டீக்கடைக்கு வேண்டிய சைகைகளையெல்லாம் எங்களிடமே கற்றுக்கொண்டவர். ஏன் இந்தச் சிரமம் என்று யாரோ கேட்டதற்கு, "கேக்காதவுங்ககிட்டக் கத்தித் தொண்டையப் புண்ணாக்குறதுக்குக் கைய ஆட்டிட்டுப் போறேன், இதுல என்ன சிரமம்?" என்றவர். அன்று அவர் என் கையின் துணிக்கட்டைப் பார்த்துவிட்டு டம்ளரை என் இடது பக்கமாக வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

செயலாளர் காத்திருந்தார். ஏன் இப்படி ஓடுகிறாய் என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளித் தோழிகளோடு பேருந்தில் நிற்கிறேன். முன்பக்கத்திலிருந்து அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டிப் பேசுகிறான். தோழி ஒருத்தி, "யாருடி அந்த ஊமை, ஒன்னயவே பாக்குறான்?" என்கிறாள். "தெரியலடி" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் கையை இறக்கிவிட்டான். அதன் பிறகு வெளியிடத்தில் அவனாக என்னிடம் பேசியதே இல்லை. இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அந்த இறங்கிய கைதான் என்னை ஓட்டுகிறது என்று சொன்னேன்.

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் கொஞ்சம் கோபம்தான் தெரிந்தது.

"பரிகாரம் செய்ய வேண்டுமென்றால் கோயிலுக்குப் போ. வேலை செய்ய வேண்டுமென்றால் எங்களோடு வா. வேலைக்கு லீவு உண்டு. பரிகாரத்துக்கு முடிவே கிடையாது. கடைசியில் உனக்கு எங்கள்மேல்தான் வெறுப்பு வரும்."

பிறகு, "ஒரு மாதம் உன் கைக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா. விருந்தாளியாக வா" என்று தீர்ப்புச் சொன்னார். போகும்போது பாய் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அக்கா சொன்னா கேட்டுக்கங்கம்மா. நீங்க டீய ஆறவிட்டுத்தான் எப்பவும் குடிக்கிறீக."

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். பதினான்கு பேர் ஒரே வரிசை. திரையில் கதாநாயகன் நீளமாக வசனம் பேசத் தொடங்கியதும் என் கைகள் தாமாக எழுந்தன. செயலாளர் அவற்றைப் பிடித்து என் மடியில் வைத்தார். அப்புறம்தான் கவனித்தேன், அந்த வரிசை முழுக்கத் திரை வெளிச்சத்தில் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. வசனம் தெரியாததால் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டிருந்தார்கள். வில்லன் உண்மையில் கடன் வசூலிக்க வந்த தையல் மெஷின் கம்பெனிக்காரன். கதாநாயகி அழுவது ஜாக்கெட் அளவு தப்பியதால். இடைவேளையில் கதை இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையாகிவிட்டது. படம் முடிந்து உண்மைக் கதையை நான் சொன்னபோது, எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். எங்கள் கதைதான் நல்ல கதை என்றார்கள். அது உண்மை. விலா நோகச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளிடம் அந்தத் தையல் மெஷின் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் என் மடியில் தலை வைத்துக் கேட்டாள். இத்தனை ஆண்டுகள் அவர்களுடைய கண்ணீருக்கெல்லாம் கூட நின்றிருக்கிறேன். அவர்கள் சிரிக்கும்போது கூட இருந்தது அன்றுதான் முதல்முறை.

அந்த ஒரு மாதத்தில் உலகம் நின்றுவிடவில்லை. ஒருவருக்கு வங்கி வேலை தள்ளிப்போயிற்று. அடுத்த வாரம் முடிந்தது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த ஒரு கல்லூரி மாணவி தடுமாறித் தடுமாறி மொழிபெயர்க்கத் தொடங்கினாள். இரண்டாவது மாதம் நான் திரும்பியபோது, செயலாளர் முறைப்பட்டியல் ஒன்றை எழுதி வைத்திருந்தார். அதில் என் பெயர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் இருந்தது.

மருத்துவமனையில் நினைத்ததெல்லாம் உடனே வந்துவிடவில்லை. எத்தனையோ முறை நடந்தோம். முதலில் படங்கள் வரைந்த அட்டை ஒவ்வொரு பிரசவக் கட்டிலுக்கும் வந்தது. பிறகு வீடியோ அழைப்புக்கென்று ஒரு கைபேசி வந்தது. அதன் பிறகு செவிலியர்களுக்கு வாரம் ஒரு மணி நேரச் சைகை வகுப்பு. ஆசிரியர் செயலாளர், உதவிக்கு அந்த இளம் தாய். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன ஆண்டு என் சித்தியைச் சேர்த்திருந்தபோது அந்த வார்டைக் கடந்து போனேன். முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஒரு செவிலியர், காது கேளாத ஒரு தகப்பனிடம், "குழந்தை நலம், அம்மா தூங்குகிறாள்" என்று கையால் சொல்லிக்கொண்டிருந்தார். விரல் கொஞ்சம் பிசகியது. அர்த்தம் பிசகவில்லை. என் வாழ்நாளில் நான் கூட இருந்து நடந்த காரியங்களில் எனக்குப் பெருமை தருவது எது என்று கேட்டால், நான் எதுவும் செய்யாமல் நின்று பார்த்த அந்த அரை நிமிடத்தைத்தான் சொல்வேன்.

சென்ற மாதம் செயலாளர் வீடியோவில் வந்தார். தலையில் பாதி நரைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறோம், நீ வர முடியுமா என்று கேட்டார். அன்று எனக்கு முறை இல்லை. மகளோடு திருச்செந்தூர் போய்க் கடலில் குளிப்பதாகப் பேச்சு. பழைய ஆளாக இருந்தால் பயணச்சீட்டை ரத்து செய்திருப்பேன். கையை உயர்த்தினேன். "முடியாது" என்றேன்.

அவர் நெற்றி சுருங்கியது. "என்ன சொன்னாய்?"

"முடியாது. கடலுக்குப் போகிறேன்."

அவர் பக்கவாட்டில் திரும்பி யாரையோ அழைத்தார். திரைக்குள் ஒரு முகம் வந்தது, இன்னொன்று, இன்னொன்று. கடை முழுக்க ஆட்கள். இன்னொரு முறை சொல் என்றார். நான் வெட்கத்தோடு இன்னொரு முறை சொன்னேன். காது கேளாதவர்கள் கை தட்டுவதில்லை; இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல் விரித்து அசைப்பார்கள். அந்தச் சின்னத் திரைக்குள் அத்தனை கைகளும் மேலே எழுந்து, எனக்காக அசைந்துகொண்டே இருந்தன.