நடவு, பெண்கள், நாள் கூலி

2024 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. புரட்டாசி 22. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்துச் சிறிய கோலம் போட்டேன். ஒரு தம்ளர் காபி. சோறும் வத்தக்குழம்பும் வைத்து, பாதியை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு, மீதியை ராத்திரிக்கு மூடி வைத்தேன். தண்ணீர் பாட்டில், குடை, கோப்பு, இரண்டு பேனா. கேஸை மூடினேனா என்று ஒரு முறை பார்த்தேன். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தேன். எட்டே காலுக்கு ஸ்கூட்டரை எடுத்தேன்.

குத்தாலத்தில் இந்த வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமான பிறகு மாற்றல் கேட்டு வாங்கி வந்த ஊர் இது. மகளுக்குச் சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். மற்ற நாட்களில் நான் பேசுவதெல்லாம் கேள்விகள்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அரசாங்கத்தின் புள்ளிவிவரப் பிரிவில் கள வேலை எனக்கு. எனக்கென்று ஒதுக்கிய ஊர்களுக்கு மாதம் ஒரு முறை போய், எந்த வேலைக்கு என்ன நாள் கூலி என்று விசாரித்து எழுத வேண்டும். படிவத்தில் வேலைகள் வரிசையாக அச்சாகியிருக்கும். உழவு, விதைப்பு, நடவு, களையெடுப்பு, அறுவடை. அதற்குக் கீழே தச்சர், கொல்லர், கொத்தனார். ஆண்களுக்கு ஒரு கட்டம், பெண்களுக்கு ஒரு கட்டம். அந்த ஊரில் அந்த மாதத்தில் அந்த வேலையை யாராவது நாள் கூலிக்குச் செய்திருந்தால் தொகையை எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் கோடு இழுக்கும் கட்டங்கள் குறைவு. உழவில் முதலில் கோடு விழுந்தது. டிராக்டர் மணிக் கணக்கில் வாடகை வாங்குகிறது, அது நாள் கூலி இல்லை. அறுவடை மிஷினும் அப்படித்தான். கொல்லர் பட்டறையைப் பூட்டிவிட்டு மயிலாடுதுறையில் கேட் செய்யும் கடைக்குப் போனார், அதனால் அவர் இந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார். தச்சர் பிளைவுட் வேலைக்குப் போய்விட்டார், அவரும் வரமாட்டார். கொத்தனார் கூலி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் வளைகுடாவிலிருந்து பணம் வருகிற கடலோர ஊர்களில்தான் வீடு கட்டுகிறார்கள் என்பதால் கொத்தனாரையும் நான் ஊரில் பார்ப்பது அரிது. எல்லாரும் எங்கேயோ சம்பாதிக்கிறார்கள். நான் மட்டும் அவர்கள் இல்லாத ஊருக்குப் போய் அவர்கள் கூலியை விசாரிக்கிறேன்.

என் பொறுப்பில் உள்ள ஊர்களில், பெண்கள் நடவுக் கட்டத்தில் இன்னும் தொகை எழுதும் ஊர் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அங்கேதான் போனேன்.

அங்கே ஒரு நடவு செட்டு இருக்கிறது. செட்டு என்றால் சேர்ந்து வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டம். அதை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். ஊரில் அவரைச் செட்டுக்காரம்மா என்பார்கள். நான் அக்கா என்பேன். நிலத்துக்காரர் வெற்றிலை பாக்கு கொடுத்து, இவர் வாங்கிக்கொண்டால் அதுதான் ஒப்பந்தம். வாங்கிய பிறகு ஆள் குறையாமல் போய் நட்டுக் கொடுத்தாக வேண்டும். ஒரு பருவத்தில் முதல் வயலுக்குப் பேசுகிற கூலிதான் ஊர் முழுவதற்கும் கூலி. நடவுக்கு முந்தின நாள் சாயங்காலம் தொகை முடிவானதும் அவரே எனக்குப் போன் செய்வார். "எழுதிக்குங்க மேடம், இதுக்குன்னு வெயில்ல வராதீங்க" என்பார். அப்புறம் என்ன குழம்பு வைத்தேன், மகள் பேசினாளா என்று கேட்பார். நான் எப்படியும் நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன். ஆனால் அந்தப் போனுக்குக் காத்திருப்பேன்.

அன்றைக்கு அவர்கள் நாற்றங்காலில் இருந்தார்கள். நாற்றுப் பறிக்க ஆண்கள் வருவது நின்றுபோன பிறகு பெண்களே ஒரு நாள் பறித்து, மறுநாள் நடுகிறார்கள். நிலம் தஞ்சாவூரில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியாருடையது.

"வாங்க மேடம். இன்னைக்குப் பறிக் கூலிய எழுதிக்குங்க. நடவு நாளைக்குத்தான்" என்றார் செட்டுக்காரம்மா, குனிந்தபடியே.

பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "எழுதி எழுதி என்ன மேடம் பண்றீங்க? கொஞ்சம் ஏத்தித்தான் எழுதுறது."

"ஏத்தி எழுதுனா வாத்தியார் வடக்கத்தி ஆளுங்கள வச்சுக்குவாரு" என்றாள் இன்னொருத்தி. "அவனுங்க வாயே தொறக்கறதில்லையாம். ஒரே அமுக்கா நட்டுட்டுப் போயிடறானுங்க."

"உன்ன மாதிரி பேசுனா அவனுங்களுக்கும் ஒரு ஏக்கருக்கு ஒரு வாரம் ஆவும்டி."

சிரித்தார்கள். கேலிக்கு ஆளானவளும் சிரித்துக்கொண்டே, கட்டி வைத்த ஒரு நாற்று முடியைக் கேலி செய்தவள் மேல் சேறு தெறிக்கும்படி போட்டாள்.

வடக்கிலிருந்து வந்த அந்த ஆட்கள் பக்கத்து ரைஸ் மில் ஷெட்டில் தங்கியிருந்தார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடுகிறவர்கள். அதனால் என் படிவத்தில் அவர்களுக்குக் கட்டமே கிடையாது. அதற்கு முந்தின வருடம் இந்த ஊரில் இரண்டு நிலத்துக்காரர்கள் அவர்களைக் கூப்பிட்டார்கள். செட்டுக்கு அந்த இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வாய்க்கால் கரையில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தோம். செட்டுக்காரம்மாவின் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். வாத்தியார்.

"நாத்து பறிச்சாச்சாம்மா?"

"பறிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம் வாத்தியாரே."

"நாளைக்கு ஆள் முழுசா வருவீங்கல்ல? யாரோ கம்பெனிக்குப் போறாங்கன்னு காதுல விழுந்துது. கொறயும்னா இப்பவே சொல்லிடுங்க. பறிச்ச நாத்த வச்சிருக்க முடியாது. மில்லு ஷெட்டுக்குச் சொல்லிடறேன்."

"வெத்தலைய வாங்கிட்டு வராம இருப்பமா? நீங்க பேசாம இருங்க."

போனை வைத்துவிட்டு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"உண்மைதான் மேடம். நாளைக்குக் காலையில மூணு பேரு தையல் கம்பெனி வேன்ல ஏறுறாளுங்க. இந்தப் பக்கம் புதுசா தொறந்திருக்கான்ல, அங்க. என் மருமவ போறதாலதான் மத்த ரெண்டும் போவுது. அவ நின்னா அதுங்களும் நிக்கும். மூணு பேரு இல்லாம நாளைக்குள்ள இத நட்டு முடிக்க முடியாது. வாத்தியார் கைய வுட்டா இந்த வருசம் யாரும் எங்களக் கூப்பிட மாட்டாங்க."

வாத்தியாரின் நாற்றங்காலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்கதான் எல்லா வேலைக்கும் கூலி எழுதுறீங்க. சொல்லுங்க, கம்பெனில ஒரு நாளைக்குத் தர்றதவிட நடவுக்குக் கூடவா இல்லையா?"

"கூடத்தான்க்கா."

"அத மட்டும் அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா மாமியாக்காரி பேச்சும்பா. நீங்க சொன்னா கேப்பா."

மருமகளைக் கூப்பிட்டார். அவள் சோற்று வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கணவன் கோயம்புத்தூரில் லாரி ஓட்டுகிறான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

"மேடம் என்ன சொல்றாங்கன்னு கேளு" என்றார் மாமியார்.

"நாள் கூலி நடவுக்குத்தான் அதிகம்" என்றேன்.

"பாத்தியா."

"அது எனக்கே தெரியும் அத்தே. நான் என்ன, கணக்குத் தெரியாதவளா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நடவு வருசத்துக்கு எத்தன நாளு மேடம்? அதையும் நீங்க எழுதுவீங்கல்ல?"

நாள் கணக்கை எழுதுவதில்லை, ஆனால் தெரியும். முன்பு குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் என்று நடவு மாதக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது நிறைய வயல்களில் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள், சில வயல்களில் நடவு மிஷின். மிச்சம் சில வாரங்கள். அந்தச் சில வாரங்களில் ஆள் கிடைக்காது என்பதால்தான் நாள் கூலி ஏறியிருக்கிறது. வேலை குறையக் குறையக் கூலி ஏறுகிறது. கட்டத்தில் தொகையை மட்டும் பார்க்கிறவர்கள் நடவுப் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இதை அலுவலகத்தில் ஒரு முறை சொன்னேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

"கம்பெனில முப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் எடுக்கறாங்க மேடம்" என்றாள் மருமகள். "தை வந்தா எனக்கு முப்பத்தஞ்சு. இப்ப வுட்டா அவ்வளவுதான். அப்புறம் நூறு நாள் வேலைதான்."

செட்டுக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். அதுவும் உண்மைதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்டது அவள். கேட்டதற்கு முழுதாகப் பதில் வாங்குவதும் கொடுப்பதும்தான் இத்தனை வருடமாக நான் செய்கிற ஒரே காரியம்.

"நாளுக்குப் பார்த்தா நடவு. வருசத்துக்குப் பார்த்தா கம்பெனி" என்றேன். "நடவு நாள் வருசா வருசம் குறைஞ்சுக்கிட்டுத்தான் வருது."

"கம்பெனி நிக்குமா?"

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சத மட்டும்தான் சொன்னேன்."

அவள் தலையாட்டினாள். செட்டுக்காரம்மா டிபன் மூடியை அழுத்தி மூடினார். "சரி, கேட்டுக்கிட்டல்ல. வா, நாத்து கெடக்கு" என்று மருமகளிடம் சொன்னார். மரத்தடியில் இருந்த என் டிபன் பாக்ஸை நான்தான் தேடி எடுத்துக்கொண்டேன். அவர் வழக்கமாக எடுத்துக் கழுவித் தருவார்.

வேறு இரண்டு ஊர்களை முடித்துக்கொண்டு ஐந்தரைக்கு வீடு வந்தேன். இரண்டு ஊர்களிலும் நடவுக்குக் கோடு. கை கால் கழுவி விளக்கேற்றினேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஒரு முறை ஒலித்தது. பிராட்பேண்ட் விளம்பரம். காலையில் மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டேன். நானே கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்தேன். தொகையைக் கேட்கலாம். அதற்கு எனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் கேட்க நினைத்தது தொகையை அல்ல. மகளுக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்தது. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்ததும் வாசல் தெளிக்கவில்லை, காபி போடவில்லை. முதல் வேலையாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். ஊருக்குள் திரும்புகிற இடத்தில் கம்பெனி வேன் எதிரே வந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருமகள் ஜன்னலோரமாக, தலையில் பூ வைத்து, மடியில் சாப்பாட்டுப் பையோடு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மற்ற இருவர்.

வாத்தியாரின் வயலில் மேல்பாதியில் வடக்கிலிருந்து வந்த ஆட்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். சில வரிசைகளை நட்டு முடித்துப் பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சில்லை. கீழ்பாதியில் செட்டுப் பெண்கள். ஆள் குறைந்த இடத்தை நிரப்ப ஒவ்வொருத்தியும் தள்ளித் தள்ளி நின்றிருந்தாள். செட்டுக்காரம்மா வரிசையின் கடைசியில், இரண்டு பேர் நட வேண்டிய அகலத்தைத் தான் ஒருத்தியாக நட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் பேச்சில்லை.

வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வரப்பில் போய் நின்றேன். படிவத்தை எடுத்தேன்.

"அக்கா, இன்னைக்கு நடவுக்கு என்ன கூலி?" என்று கேட்டேன்.

அவர் நிமிராமல் தொகையைச் சொன்னார். முந்தின வருடத்துக் கூலிதான், ஏறவில்லை. எழுதிக்கொண்டேன்.