சிவப்புக் கட்டை

போன வாரம் புதிதாக ஒரு வெந்நீர்ப் பை வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் ரப்பர் வாடை அடித்தது பாருங்கள், அடிவயிற்றில் வைப்பதற்கு முன்பே நான் ஆம்பூருக்குப் போய்விட்டேன். அங்கே நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில், சோல் ஒட்டும் பக்கத்திலிருந்து நாள் முழுக்க இதே வாடைதான் வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "எம்பொண்ணுக்கு எழுதுற வேலை" என்று அம்மா தெருவெல்லாம் சொல்வாள். எழுதுவேன்தான். தையல் பிசகு, பசை வழிந்தது, ஜோடி மாறியது என்று நேரம் போட்டு நீல அட்டை நோட்டில் எழுதுவேன். திங்கள் காலை மெஷின் ஓடுவதற்கு முன் சூப்பர்வைசர் அதை எல்லோருக்கும் வாசிப்பார்.

எங்கள் லைனில் முப்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே பாஸ். சீட்டு கொடுத்தால் தொலைகிறது என்று, ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் பழைய மரக்கட்டை ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். இடது கால். போகிறவள் அதைக் கையில் எடுத்துப் போக வேண்டும். அவள் திரும்பினால்தான் அடுத்தவள்.

சிறுநீர்ப்பை வலி எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. கொஞ்சம் நிரம்பினாலே காந்தும். போய் வந்தால் தணியும், அரை மணியில் மறுபடி. பரிசோதித்தால் கிருமி இல்லை என்றார்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லையே என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். படித்தவள் அல்லவா! காந்தல் இரட்டிப்பானது.

எதிர் மெஷினில் தைக்கும் ரோசிக்கு என் வயதுதான். நான் ஆணிப் பக்கம் திரும்பினாலே போதும்.

"இன்னாடி கட்டை ராணி, ஊர்வலம் கெளம்பிட்டியா?"

"உனக்கு இன்னா பேஜாரு? தைடி."

"வலது காலும் குடுக்கச் சொல்றேன், ஜோடியா மாட்டினு போ."

லைனே சிரிக்கும். டீ ஜாஸ்தியாகிவிட்டது என்று நானும் சிரிப்பேன். வலி என்று மட்டும் வாய் வராது. சொன்னால் அன்றிலிருந்து நான் நோயாளி.

வேலூரில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "இதுக்கு ஒரே மாத்திரைன்னு கெடையாதும்மா. சாப்பாடு, தண்ணி, தூக்கம், கவலை, எல்லாத்தையும் சேர்த்துதான் பார்க்கணும். எப்பப் போன, இன்னா குடிச்ச, வலி பத்துக்கு எவ்வளவு, எழுதினு வா."

எழுதச் சொன்னால் விடுவேனா? பழக்கத்தில் அதே மாதிரி நீல நோட்டு வாங்கினேன். டீயும் தக்காளியும் எனக்கு வலியை ஏற்றுவது அதில்தான் தெரிந்தது. தண்ணீரை நிறுத்தாமல் மடக்கு மடக்காகக் குடித்தேன். முட்டியை மடக்கிப் படுத்து நிதானமாக மூச்சு விட்டால், இறுகிக் கிடந்த அடிவயிறு மெல்லத் தளர்ந்தது. எதுவும் மந்திரமில்லை. எல்லாம் சேர்ந்து எட்டை ஆறாக்கின.

ஒரு சனிக்கிழமை, நோட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

திங்கள் காலை சூப்பர்வைசர் வாசித்தார். "பத்து இருபது, ஏழு. பதினொண்ணு, ஆறு. தக்காளி சாதம், எட்டு. இன்னாம்மா இது, தக்காளின்னு எந்த மாடல் ஓடுது?" சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ரோசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அதே வேகத்தில் அடுத்த வரிக்குப் போனார். "கட்டை ரோசியிடம். அடக்கினேன். வலி பத்து."

அதற்குமேல் வாசிக்கவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் கட்டை ஆணியில் இல்லை. என் மேசையில் இருந்தது. யாருக்குத் தேவையோ அவர்கள் என்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று லைனில் அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். மத்தியானம் ரோசி வந்து நின்றாள்.

"கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா?"

இரண்டு வருடமாக 'டி' போட்டவள். எடுத்துப் போனாள், ஓட்டமாகத் திரும்பினாள். அதன்பிறகு கடைசி நாள்வரை யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

அந்த லைனைப் பிறகு பிரித்துவிட்டார்களாம். ரோசி எந்த ஊரிலோ. நான் இப்போது ராணிப்பேட்டையில் ஓர் ஆபீசில் இருக்கிறேன். பாத்ரூம் கதவு என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே. வலி பெரும்பாலும் மூன்று. எழுந்து போகிறேன், வருகிறேன், நோட்டில் நேரம் எழுதுகிறேன். எத்தனை தடவை போனாலும் ஊர்வலமா என்று கேட்க ஆளில்லை.