மூங்கில் கேட்டும் அப்பாவின் ஜெபமும்

சுங்கச்சாவடியில் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்துத் தடுப்புக்கட்டை தானாக மேலே போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் இந்த அதிசயம் ஸ்டிக்கரெல்லாம் வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. அதுவும் ஜெபத்தால் நடந்தது. ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் வருகிற மண்ரோட்டை ஊர்க்காரர்களே வெட்டிப் போட்டார்கள். ஒரு மழைக்கு அது ஓடையாகிவிடும். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பார்த்துவிட்டுப் போகிற வேலை மட்டும் வருஷா வருஷம் குறையில்லாமல் நடந்தது. கடைசியில் ஊர் கூடிப் பேசி, மண்ரோடு பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டது. ஒரு முனையில் கல், மறுமுனையில் கயிறு. கேட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். உள்ளே வெளியே போகிற வண்டிகள் சுங்கம் கட்ட வேண்டும். அந்தக் காசில் குழி மூடியது போக மிச்சம் அம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு. ரோட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற வீட்டு வண்டிக்குச் சுங்கம் கிடையாது.

அப்பா ஜீப் ஓட்டினார். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குவார். அந்த ஜீப்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஊரில் சர்ச்சுக்குப் போகிற இரண்டு மூன்று வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. நோம்பிக்குப் போகிற அந்த மிச்சம்தான் அப்பாவுக்கு இடித்தது. காசுக்குப் பதிலாக வேலைக்குப் போகலாமென்றால் அதிலும் ஒரு சிக்கல். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அங்கே அம்மனுக்குச் சூடம் காட்டித் தேங்காய் உடைப்பார்கள்.

கேட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என் மாமா, அம்மாவின் சொந்த அண்ணன். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். மாமா வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவர். அதனால் அதுவரை ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். நோம்பிக்கு அங்கிருந்து வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வரும், சாமிக்குப் படைக்கும் முன்பே எங்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த கச்சாயம்.

கேட் போட்ட முதல் நாள் அப்பா ஜீப்பிலிருந்து இறங்கவில்லை.

"ரோட்டுக்குன்னு கேளுங்க மச்சான், இப்பவே தாரேன். சாமிக்குன்னா என்னால முடியாதுங்க."

"ரெண்டும் ஒரே உண்டியல்லதான் உளுவுது மாப்ள" என்றார் மாமா. "எது குழிக்குப் போற காசு, எது கோயிலுக்குப் போற காசுன்னு நான் எங்க போய்ப் பிரிக்கறது? உங்களுக்குச் சும்மா தொறந்துட்டா ஊரு என்னையத்தான கேக்கும்?"

அப்பா கீழிருந்து வருகிற பாஸ்டரிடம் கேட்டார். பாஸ்டர் வெகுநேரம் வேதத்தைப் புரட்டினார். வரி கொடுப்பதைப் பற்றி அதில் இருந்தது. விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றியும் இருந்தது. பாதி குழிக்கும் பாதி கோயிலுக்கும் போகிற மூங்கிலைப் பற்றி எதுவும் இல்லை. "ஜெபம் பண்ணுங்க பிரதர், கர்த்தர் வழி திறப்பார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். காலையில் ஜீப்பை மூங்கில் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மாமா வெற்றிலையை மென்றபடி எதிர்மலையைப் பார்ப்பார். மூங்கில் அசையாது. பிறகு அப்பா இறங்கி, மூட்டைகளைத் தலையில் வைத்து மூங்கிலைத் தாண்டிக் கொண்டுபோய், வருகிற லாரியில் போட்டுவிடுவார். சுங்கம் வண்டிக்குத்தானே, மனுஷனுக்கு இல்லையே. மூட்டைக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஜீப்புக்குப் போய்விட்டார்கள். எங்கள் வாசலில் பலாப்பழம் பழுத்து வெடித்து ஈ மொய்த்தது. அம்மா மாமா வீட்டுக்குப் போவதை அப்பா தடுக்கவில்லை. ஆனால் போய்வந்த அன்று அவளோடு பேசமாட்டார். பிழைப்பும் போய்ப் பிறந்த வீடும் போய்விடுமோ என்று அம்மா அடுப்படியில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் மூங்கில் மேலே போனது. நான் ஜீப்பில்தான் இருந்தேன். அப்பா கண்ணை மூடினார், மாமா எதிர்மலையைப் பார்த்தபடியே கயிற்றை இழுத்துவிட்டார், நாங்கள் போய்விட்டோம். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே நடந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடிக்க முடியவில்லை. கணக்குப் பரீட்சை அன்றுகூட நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் திறக்கவில்லை.

அந்த நாட்களில் அம்மா வாரத்தில் ஒரு நாள் விடியும்போதே கிளம்பிப் போவாள். மாமாவின் காட்டில் கிழங்கு பிடுங்கப் போவதாகச் சொல்லுவாள். திரும்பி வரும்போது அவள் தலைச்சும்மாட்டுத் துணியெல்லாம் செம்மண்ணாக இருக்கும். உள்ளங்கையில் சிராய்ப்புகள் இருக்கும். தேங்காயெண்ணெய் தடவிவிட்டவளே நான்தான். கிழங்கு பிடுங்குகிறவளுக்கு எதற்குச் சும்மாடு, கையில் எதற்குச் சரளைக்கல் கீறல் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டே அவளிடம் அப்பாவின் ஜெபத்தைப் பற்றித்தான் பேசினேன்.

நான் காலேஜில் சேர்ந்த பிறகு ஒரு தடவை மாமாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "ரோட்டு வேலைக்கு வர்றப்ப உங்கம்மா சூடம் அணையற வரைக்கும் பலா மரத்துக்குப் பின்னால நின்னுக்குவா கண்ணு. அணைஞ்ச பொறவு வந்து மண்ணு அள்ளுற சட்டியத் தூக்கிக்குவா. கல்லும் மண்ணும் ஆம்பளைக்குச் சரியாச் சொமப்பா."

"அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

மாமா வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "ஒரு நா நாங்க வேல செய்யறப்ப வளைவுல உங்கப்பா ஜீப்பு வந்துது. உங்கம்மா தலையில சட்டியோட நின்னா. ஜீப்பு நின்னுது. அப்பறம் அப்படியே பின்னால போயிருச்சு."

இதைக் கேட்டபோது எனக்கு அப்பாமேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அம்மாவை நினைத்தால் அழுகைதான் வருகிறது.

ஐந்தாம் வகுப்பில் இதெல்லாம் தெரியாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய ரோட்டோரத்துச் சர்ச்சில் சாட்சி சொல்கிற நேரத்தில் நான் எழுந்துவிட்டேன். எங்கள் அப்பா கண்ணை மூடி ஜெபித்தால் கர்த்தர் கேட்டைத் திறக்கிறார் என்று கணீரென்று சொன்னேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார், ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது கேட்டில் மாமா இருந்தார். அப்பா வண்டியை நிறுத்தினார். முன்சீட்டில் அம்மா நடுவிலும் நான் ஓரத்திலும் உட்கார்ந்திருந்தோம். மாமா அன்றைக்கு எதிர்மலையைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்த்தார். அவளும் முக்காட்டை விலக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். மூங்கில் மெதுவாக மேலே போய் நின்றது. வழி திறந்து கிடந்தும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்து, புருவம் சுருங்க, கண்ணை அப்படி இறுக்கி மூடியிருந்தார். அம்மாவின் சிராய்த்த கை அவர் பக்கத்திலேயே மடியில் விரிந்து கிடந்தது.

இவ்வளவு இறுக்கமாக மூடினால்தான் ஜெபம் பலிக்கும்போலிருக்கிறது என்று நினைத்து, நானும் என் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.